மூன்றாவது கொடி

2018 டிசம்பர் 14, வெள்ளி

52. 49. 34.

முதல் கொடி, இரண்டாவது கொடி, மூன்றாவது கொடி. உறைந்த கடலில் நட்ட மூன்று கொடிக்கம்பங்கள் அருகே கடல்பனியின் தடிமன், சென்டிமீட்டரில். விடுமுறைக்கு முன்னால் எங்கள் வகுப்பு அளந்த கடைசி அளவு.

நான் மூன்றாவது கொடிக்குப் போகவில்லை. கயிறு பிடிக்கிறேன் என்று சொல்லி இரண்டாவதிலேயே நின்றுவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை.

நாளைக்கு விமானம் வந்தால் கிளெனிஸ் டீச்சர் ஊருக்குப் போய்விடுவார். எங்கள் வீடுதான் கரைக்குப் பக்கம் என்று அளவுப் புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிட்டார். விடுமுறையிலும் வெள்ளிதோறும் அளக்க வேண்டும், அம்மாவோடு போக வேண்டும், தனியாகப் போகவே கூடாது. அம்மா புருவத்தை உயர்த்தினாள். எங்கள் ஊரில் அதுதான் 'ஆமாம்'. சரி என்று ஆகிவிட்டது. யாரும் என்னைக் கேட்கவில்லை.

மஞ்சள் அட்டை, ஈரத்தில் ஊறாத தாள். பென்சிலால்தான் எழுத வேண்டும், பேனா மை வெளியே உறைந்துவிடும். முன்பக்கத்திலிருந்து எண்கள். பின்பக்கத்திலிருந்து, தலைகீழாக, இது. மே மாதம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பதற்குள் இந்தப் பக்கங்களைக் கிழித்துவிட வேண்டும். மறக்கக் கூடாது.

தங்கை மார்த்தா தூங்கிவிட்டாள். அவள் கால் என் வயிற்றின் மேல் கிடக்கிறது. போர்வைக்குள் டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

டிசம்பர் 16

என் தோழி நீவீயோடு அம்மாவின் போனில் பேசினேன். ஆட்டவாவில் மழை பெய்ததாம். டிசம்பரில் மழை. இரண்டு பேரும் சிரித்தோம், ஆனால் அவள் சிரிப்பு ஒரு நொடி கழித்துத்தான் வந்தது.

தொண்டைப் பாட்டு பாடிப் பார்க்கலாம் என்றாள். நான் ஆரம்பித்தேன். இது எதிரெதிரே நின்று முழங்கையைப் பிடித்துக்கொண்டு பாடுகிற பாட்டு. நான் மூச்சை இழுக்கிற இடைவெளியில் அவள் குரல் விழ வேண்டும், அவள் இழுக்கும்போது என்னுடையது. போனில் அவள் குரல் என் குரல் மேலேயே வந்து விழுந்தது. மூன்று தடவை முயன்றோம். "விடுடி, செயற்கைக்கோள் நம்மளவிட மோசமாப் பாடுது" என்றாள்.

யார் முதலில் சிரிக்கிறார்களோ அவர் தோற்றார். போன வருஷம் முழுக்க அவள்தான் தோற்றாள்.

போன குளிர்காலம்தான் இந்த அளவு வேலை எங்கள் பள்ளிக்கு வந்தது. மாண்ட்ரியலில் இருந்து ஓடில் என்ற இசை டீச்சர் வந்தார், முதுகில் ஆளுயர வயலின் மாதிரி ஒரு செல்லோவைச் சுமந்துகொண்டு. கடல்பனி ஆராய்ச்சிக்காரர்களும் அவருடைய இசைப்பள்ளியும் எங்கள் பள்ளியும் சேர்ந்து செய்கிற வேலை. நாங்கள் எண்ணை அனுப்ப வேண்டும். அங்கே இருக்கிற பிள்ளைகள் அதைச் சுரமாக்குவார்கள். பனி மெல்லிசாக இருந்தால் மேலே, தடிக்கத் தடிக்கக் கீழே. மூன்று கொடிக்கு மூன்று வாத்தியம், வாரத்துக்கு ஒரு சுரம். ஒரு குளிர்காலம் முடிந்தால் ஒரு பாட்டு முடியும்.

ஓடில் விளையாட்டுக் கூடத்தில் பெட்டியைத் திறந்ததும் ஒரு தந்தி தானாக அறுந்தது. அவ்வளவு வறட்சி, அவ்வளவு குளிர். தண்ணீர் லாரி ஓட்டும் ஜேபிட்டி வாசலில் நின்று, "இந்தக் கடல்நாய்க்கு ஏன் இவ்ளோ நீளக் கழுத்து?" என்று கேட்டான். எங்கள் மொழியில்தான் கேட்டான். ஓடிலுக்குப் புரியவில்லை, ஆனால் அவரும் எங்களோடு சேர்ந்து சிரித்தார்.

நானும் நீவீயும் கடல்பனியில் கலைமான் தோலை விரித்துப் படுத்து, அளக்கப் போட்ட துளைக்குள் வாயை வைத்துப் பாடினோம். அடியிலிருந்து கடல் ஒரு குமிழியை அனுப்பியது. ஓடில் அதைப் பதிவு செய்தார். அன்றைக்கு நான் எந்தக் கொடிக்கும் பயப்படவில்லை. அவள் பக்கத்தில் இருந்ததால் பயம் வெளியே தெரியவில்லையா, இல்லை பயமே இல்லையா?

ஆகஸ்டில் சரக்குக் கப்பல் வந்து போன மறுநாள் அவளும் அவள் அம்மாவும் ஆட்டவாவுக்குப் போய்விட்டார்கள்.

டிசம்பர் 21, வெள்ளி

அம்மாவுக்கு மருத்துவ நிலையத்தில் இரவு வேலை. காலையில் வந்து படுத்தாள். பதினொரு மணிக்கு எழுப்பினேன். "மத்தியானம் போலாம் இலூ, ஒரு மணி நேரம் கண்ணை மூடிக்கிறேன்" என்றாள். சூரியன் இல்லாத மாதத்தில் மத்தியான வெளிச்சம் எவ்வளவு நேரம் நிற்கும்? தெற்கே கொஞ்சம் சிவந்து, மறைந்துவிடும். அதற்கும் அவள் எழவில்லை.

துளை போடும் திருகையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினேன்.

நேற்றைய புயல் எல்லாவற்றையும் மூடிவிட்டது. கரைப்பனியும் கடல்பனியும் சேரும் இடத்தில் பிளவு இருக்கும், ஓதத்தில் கடல்மட்டம் ஏறி இறங்கும்போது அது அசையும். பலகை போட்டிருக்கிறது. இரண்டே அடி. ஓதம் ஏறுகிற நேரம். பனி கீழே முனகியது. அது எப்போதும் முனகும், தெரியும். ஆனாலும் காலைத் தூக்க முடியவில்லை. முட்டி மடங்கவே இல்லை.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. இமை முடி உறைந்து ஒட்டிக்கொண்டது. திரும்பி வந்துவிட்டேன்.

சமையலறையில் உட்கார்ந்து எழுதினேன்: 58. 55. 40. முந்தின வாரம் ஆறு ஏறியிருந்தது. அதனால் ஆறு.

ஓடிலுக்கு அனுப்பினேன். பனியில் போகிறவர்கள் பார்க்கும் கோ-ஆப் கடைப் பலகையிலும் எழுதிவிட்டு வந்தேன்.

டிசம்பர் 22

யாருக்குத் தெரியப் போகிறது.

டிசம்பர் 26

சமூகக் கூடத்தில் கிறிஸ்துமஸ் விளையாட்டு, நடனம், மூன்றாவது நாள். ஜேபிட்டி வியர்க்க வியர்க்க ஆடிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் மனைவி டீ கொடுத்தாள். அவன் அதை என்னிடம் நீட்டினான். "மூணு கரண்டி சர்க்கரை போட்டிருக்கு அண்ணே. நீ மாறவே இல்ல."

நான் எப்போதும் மூன்று கரண்டிதான் போடுவேன். அவனுடைய அண்ணனும் அப்படித்தானாம்.

அவனுக்கு வயது நாற்பத்தைந்து, எனக்குப் பதின்மூன்று. அவன் அண்ணன் இலூபாலிக் இறந்து நான்கு மாதம் கழித்து நான் பிறந்தேன். அந்த வீட்டார் வந்து கேட்டு அந்தப் பெயரை எனக்கு வைத்தார்கள். அன்றிலிருந்து நான் அவனுக்கு அண்ணன், அவன் எனக்குத் தம்பி. எந்த வேட்டையிலும் முதல் பங்கு என் வீட்டுக்கு வரும். நான் பேசத் தொடங்கியபோது முதலில் அவனைத்தான் "தம்பி" என்றேனாம். அவன் வெளியே போய் லாரியில் உட்கார்ந்து அழுதானாம். அம்மா இந்தக் கதையை வருஷத்துக்கு ஒருமுறையாவது சொல்லுவாள்.

அவன் அண்ணன் நவம்பரில், கரை கடலுக்குள் நீளும் முனைக்குப் பக்கத்தில், புதுப்பனி மூடியிருந்த இடத்தில் பனிவண்டியோடு கடலுக்குள் போனார். இப்போது மூன்றாவது கொடி நிற்கிற இடத்துக்கு அந்தப் பக்கம். இதை எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொன்னதில்லை. எல்லோரும் பேசுவதைக் கேட்டுக் கேட்டுத் தெரியும்.

பெயர் வரும்போது கூடவே என்னவெல்லாம் வரும்? சர்க்கரை மட்டும்தானா?

டிசம்பர் 28, வெள்ளி

64. 61. 46.

இந்த முறை அம்மாவை எழுப்பவே இல்லை. பிளவு வரைக்கும்கூடப் போகவில்லை.

டிசம்பர் 31

பனிவண்டிகள் எல்லாம் வரிசையாக ஊரைச் சுற்றின. போன வருஷம் நானும் நீவீயும் ஜேபிட்டியின் சறுக்குவண்டியில் மல்லாந்து படுத்துக்கொண்டு போனோம். அவள் வாயைத் திறந்து பனியைச் சாப்பிட்டாள். "பழைய வருஷத்தைத் தின்னுட்டேன்" என்றாள். இன்று நான் சன்னலில் இருந்து பார்த்தேன். வயிற்று வலி என்று சொல்லிவிட்டேன். அதுவும் பொய்.

2019 ஜனவரி 4, வெள்ளி

70. 67. 52.

இன்று எழுதும்போது கை நடுங்கவில்லை.

ஜனவரி 7

பள்ளி திறந்தது. கிளெனிஸ் டீச்சர் வரவில்லை. வழியில் விமானம் மாறும் இக்காலுயிட்டில் புயலாம், விமானம் கிளம்பவில்லை. இந்த வாரமும் அளவு என் பொறுப்புதான்.

ஓடில் ஒரு பதிவு அனுப்பியிருந்தார். இடைவேளையில் ஒலிபெருக்கியில் போட்டார்கள். அக்டோபர், நவம்பர் வாரங்களில் மூன்று வாத்தியமும் தட்டுத்தடுமாறி இறங்கின. ஒன்று இறங்க, இன்னொன்று நிற்க, ஒன்று எதிர்பாராமல் குதிக்க. அதன் பிறகு டிசம்பர் வந்தது. மூன்றும் சேர்ந்து, ஒரே அளவு, ஒரே அளவு, ஒரே அளவாகப் படி இறங்கின. எவ்வளவு அழகாக இருந்தது. சமையல்காரம்மாகூடக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடித்த இடம் இதுதானாம். பாட்டு முழுக்கத் திரும்பத் திரும்ப வரும்படி இதையே பல்லவியாக வைக்கப் போகிறார்களாம். "பனி இப்படிப் பாடும் என்று நாங்கள் நினைக்கவில்லை" என்று எழுதியிருந்தார்கள்.

பனி பாடவில்லை. நான் சமையலறையில் உட்கார்ந்து ஆறு ஆறாகக் கூட்டினேன்.

ஜனவரி 8

கோ-ஆப் கடை. நான் மார்த்தாவுக்குப் பால் பவுடர் எடுத்துக்கொண்டிருந்தேன். ஜேபிட்டி பலகை முன்னால் நின்று எண்களைப் படித்துக்கொண்டிருந்தான்.

நாளைக்குக் கிளம்புகிறானாம். எதிர்க்கரையில் கலைமான் தடம் பார்த்ததாக யாரோ சொன்னார்களாம். விடுமுறை முழுக்க அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. போகும்போது கரையோரமாகச் சுற்றி, நரிப்பொறிகளைப் பார்த்துக்கொண்டே போவானாம். வரும்போது நேராக, முனை வழியாக, மூன்றாவது கொடிப் பக்கம்.

"ஐம்பத்திரெண்டுன்னு போட்டிருக்கியே அண்ணே. சரிதானே?"

நான் புருவத்தை உயர்த்தினேன்.

"அது போதும். பாரத்தோட இருட்டுல வர்றப்ப எறங்கி எறங்கி ஈட்டியால குத்திப் பாக்க வேணாம்." பிறகு என் கையில் இருந்த டப்பாவைப் பார்த்தான். "சர்க்கரை எடுக்கலையா?"

மூக்கைச் சுருக்கி இல்லை என்றிருந்தால் போதும். ஒரு சின்னச் சுருக்கல். வாயைக்கூடத் திறக்க வேண்டியதில்லை.

ஜனவரி 9

போய்விட்டான். காலையில் அவன் வண்டிச் சத்தம் எங்கள் வீட்டைத் தாண்டும்போது நான் சாப்பாட்டு மேசையில் இருந்தேன். எழுந்து ஓடியிருக்கலாம்.

ஜனவரி 10

இன்று போனேன். தெரியாமல் இருப்பதுதான் தாங்கவில்லை. உண்மையிலேயே ஆறு ஆறாக ஏறியிருந்தால்? நான் எழுதியது தற்செயலாகச் சரியாக இருந்தால்?

பலகையைத் தாண்டும்போது நானும் நீவீயும் பாடுகிற வாத்துப் பாட்டை முனகிக்கொண்டே போனேன், என் பாதியை மட்டும். அவள் குரல் விழ வேண்டிய இடத்தில் என் காலணிச் சத்தம் விழுந்தது. முதல் கொடியைப் பார்க்காமல் தாண்டினேன். இரண்டாவது கொடியில் துளை போட்டேன். தனியாகத் திருகுவதற்குள் தோள் கழன்றுவிட்டது.

50.

நான் எழுதியது 67. கிட்டத்தட்ட ஒரு மாதத்தில் ஒரே ஒரு சென்டிமீட்டர்தான் ஏறியிருக்கிறது. புயல் கொட்டிய பனி போர்வை மாதிரி மேலே கிடக்கிறது. மேலே போர்வை இருந்தால் அடியில் தடிக்காது. டீச்சர் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்.

மூன்றாவது கொடி தெரிந்தது. போகவில்லை. போக வேண்டிய அவசியமும் இல்லை. அங்கே பனி வெள்ளையாக இல்லை. சாம்பல் நிறம். அடியிலிருந்து தண்ணீர் ஊறி நனைந்த நிறம். முனையைச் சுற்றி வருகிற நீரோட்டம் அடியிலிருந்து தின்றிருக்கிறது. இருட்டில், வண்டி விளக்கு வெளிச்சத்தில், மேலே புதுப்பனி விழுந்திருந்தால் அந்த நிறம் தெரியாது.

அம்மாவிடம் சொல்ல வாயைத் திறந்தேன். "என்னடி முகம் ஏன் இப்படி இருக்கு, வயிறு இன்னும் வலிக்குதா?" என்றாள். புருவத்தை உயர்த்திவிட்டேன்.

நாளைக்குள் யாரிடமாவது சொல்ல வேண்டும். யாரிடம்? எப்படிச் சொல்வது? எனக்குப் பயமாக இருந்தது, அதனால் எண்ணை நானே போட்டேன் என்றா? எதற்குப் பயம் என்பார்கள். நீ யார் பெயரை வைத்திருக்கிறாய் என்பார்கள்.

ஜனவரி 11, வெள்ளி

 நடந்த வரிசைப்படி எழுதுகிறேன்.

ஆறு மணி. அடுப்பில் சூப். அலமாரி மேல் கேட்கவும் பேசவும் முடிகிற ரேடியோ, எல்லார் வீட்டிலும் இருப்பது போல எப்போதும் திறந்தே இருக்கும். வெளியே போனவர்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஜேபிட்டி குரல் வந்தது. இரண்டு கலைமான் கிடைத்ததாம். முகாமில் தங்கவில்லை, வானம் தெளிவாக இருக்கிறது, இப்போதே கிளம்புகிறேன் என்றான். "முனை வழியா ஒம்பது மணிக்கு வந்துருவேன். டீ போட்டு வைங்க."

அவன் மனைவி சரி என்றாள். யாரோ கேலி செய்தார்கள். அம்மா கிண்ணங்களை எடுத்துக்கொண்டிருந்தாள்.

நான் நாற்காலியில் ஏறி ஒலிவாங்கியை எடுத்தேன். அந்தப் பொத்தானை அழுத்தினால் ஊரில் இருக்கிற அத்தனை சமையலறையிலும் கேட்கும். தெரியும். தெரிந்துதான் அழுத்தினேன்.

"தம்பி, நான் இலூபாலிக். மூணாவது கொடி வழியா வராதே. அந்த ஐம்பத்திரெண்டு பொய். நான் அளக்கல. நாலு வாரமா யாருமே அளக்கல. அங்க பனி சாம்பலா இருக்கு. வராதே."

பொத்தானை விட்டேன்.

எப்போதும் யாராவது பேசிக்கொண்டே இருக்கிற ரேடியோ. ஒருவரும் பேசவில்லை. இரைச்சல் மட்டும். சூப் பொங்கி அடுப்பில் வழிந்தது. அம்மா அதை இறக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கிளம்பிவிட்டான், கேட்கவில்லை, வண்டிச் சத்தத்தில் ரேடியோ கேட்காது என்று நினைத்தேன்.

இரைச்சல் நின்றது.

"கேட்டுச்சு அண்ணே." அவன் குரல்தான். "சுத்தி வர்றேன். லேட்டாகும். டீ ஆறிடும், அவ்வளவுதான்."

அம்மா என் கையில் இருந்து ஒலிவாங்கியை மெதுவாக வாங்கி மாட்டினாள். அடி விழும் என்று காத்திருந்தேன். அவள் தரையைத் துடைத்தாள், ரொம்ப நேரம். பிறகு சொன்னாள்: "உன்கூட வர்றேன்னு டீச்சர்கிட்ட சொன்னவ நான். தூங்கினவளும் நான்தான்."

இப்போது மணி பதினொன்று. வண்டிச் சத்தம் இன்னும் இல்லை.

ஜனவரி 12

அதிகாலை இரண்டரைக்கு வந்தான். அம்மாவும் நானும் விழித்தே இருந்தோம்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தான். காலணியைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். ஒரு கையில் கலைமானின் முதல் பங்கு, இன்னொரு கையில் ஈட்டி. வருகிற வழியில் கரைப் பக்கமாக மூன்றாவது கொடி வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தானாம். ஒரு குத்துதானாம். ஈட்டி உள்ளே போய்த் தண்ணீர் மேலே வந்துவிட்டதாம்.

 மார்த்தா இறைச்சிப் பையைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏண்ணே," என்றான், "அங்க தனியா இருக்க போரடிக்குதுன்னு என்னையும் கூப்பிட்டுக்கலாம்னு பாத்தியா?"

 நான் அழ ஆரம்பித்தேன். அவன் குனிந்து பையை என் காலடியில் வைத்தான்.

"நீ செத்த இடம் அது. பயம் இல்லாம எப்படி இருக்கும்? என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல. நானும் பதினாலு வருசமா அந்த இடத்த மூச்சப் பிடிச்சுக்கிட்டுத்தான் தாண்டுறேன்."

டீ கேட்டான். மூன்று கரண்டி போட்டேன், எனக்கு. அவனுக்குச் சர்க்கரை பிடிக்காது.

ஜனவரி 14

பள்ளியில் என் பெயர் இப்போது ஐம்பத்திரெண்டு. "ஐம்பத்திரெண்டு, மணி என்ன?" "ஐம்பத்திரெண்டு, உன் வயசு எவ்ளோ? ஆறு கூட்டிச் சொல்லு." கடைப் பலகையில் என் எண்கள் எல்லாவற்றையும் யாரோ கையுறையால் அழித்திருக்கிறார்கள். டிசம்பர் 14 மட்டும் மிச்சம்.

நீவீக்கும் தெரிந்துவிட்டது. அவளுடைய சித்தி சொன்னாராம். "நான் இருந்திருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து பொய் சொல்லிருப்போம்" என்றாள். ஒரு நொடி கழித்து, "இல்ல, உன்னை இழுத்துட்டுப் போயிருப்பேன்" என்றாள்.

ஜனவரி 17

கிளெனிஸ் டீச்சர் வந்துவிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். புத்தகத்தை வாங்கி, அந்த எண்களைப் பார்த்தார். அழிப்பானை எடுத்தேன், தடுத்தார். அழிக்கக் கூடாது. ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 'அளக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆராய்ச்சியில் அதுதான் வழக்கமாம். ஒன்பது கோடு போட்டேன். 11ஆம் தேதிக்கு எதிரே வெறுமனே 'அளக்கவில்லை.'

தலைகீழாக இருக்கிற பக்கங்களை அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை. புத்தகத்தை மூடும்போது பின்னட்டையை ஒரு நொடி தடவினார்.

ஓடிலுக்கு நீயே எழுது என்றார்.

ஜனவரி 18, வெள்ளி

66. 51. 11.

வகுப்பு அளந்தது. ஜேபிட்டி ஈட்டியோடு முன்னால் நடந்தான். நான் இரண்டாவது கொடி வரை போனேன்.

ஜனவரி 29

சூரியன். மலைக்கு மேல் நகக்கீற்று அளவு. எல்லோரும் கரைக்கு ஓடினோம். போன வருஷம் நீவீ என் தோளில் ஏறி நின்று, நான் உனக்கு முன்னாடி பாத்துட்டேன் என்று கத்தினாள். இன்று மார்த்தாவைத் தோளில் ஏற்றிக்கொண்டேன்.

பிப்ரவரி 6

ஓடில் பதில் எழுதியிருக்கிறார், இரண்டு வாரம் கழித்து. அங்கே பிள்ளைகள் அந்த இடத்தை விட மனமில்லாமல் அழுதார்களாம். ஒருவன், பொய்யாக இருந்தால் என்ன, நன்றாக இருக்கிறதே என்றானாம். இன்னொருத்தி, அந்த மனிதர் அதை நம்பி வந்திருந்தால் என்று கேட்டாளாம். 

அந்த நான்கு வாரத்துக்கு என்ன செய்வது என்று என்னைக் கேட்டிருக்கிறார். முன்னும் பின்னும் பார்த்துக் கணக்குப் போட்டு இட்டு நிரப்பலாமாம், ஆராய்ச்சிக்காரர்கள் சில சமயம் அப்படிச் செய்வதுண்டாம், இட்டு நிரப்பியது என்று குறிப்பு எழுதிவிட்டு.

நான் எழுதினேன்: வேண்டாம். காலியாக விடுங்கள். வாரத்துக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரமும்.

மார்ச் 15, வெள்ளி

124. 113. 38. இன்று மூன்றாவது கொடியில் நாடாவைப் பிடித்தேன். டீச்சர் துளை போட்டார். இந்த முறை முழங்கால் மடங்கியது.

மே 10

கச்சேரி. விளையாட்டுக் கூடம் நிறைந்து வழிந்தது. குழந்தைகள் அம்மாக்களின் முதுகில், வேட்டைக்காரர்கள் சுவரோரம், தரையில் தேநீர்க் குடுவைகள். பெரிய திரையில் நேரலையாக மாண்ட்ரியல். அங்கே இசைப்பள்ளிப் பிள்ளைகள் கறுப்பு உடையில், நடுவே ஓடில். முதல் வரிசையில் நீவீ. ஆட்டவாவில் இருந்து பேருந்தில் கூட்டி வந்திருந்தார்கள். முடியை வெட்டிக்கொண்டிருந்தாள். எனக்குச் சொல்லவே இல்லை.

பாட்டு ஆரம்பித்தது. எங்கள் பக்கம் நாங்கள் மேளத்தை விளிம்பில் தட்டினோம், வாரத்துக்கு ஒரு தட்டு. போன வருஷம் நானும் அவளும் துளைக்குள் பாடியதை ஓடில் இடையில் எங்கோ வைத்திருந்தார். அந்தக் குமிழிச் சத்தம் வந்தபோது அவள் திரையில் என்னைத் தேடினாள்.

டிசம்பர் 14. அந்த வாரச் சுரத்தோடு மூன்று வாத்தியமும் நின்றன.

டிசம்பர் 21. மேளத் தட்டு மட்டும். ஒன்றுமில்லை.

டிசம்பர் 28. ஒன்றுமில்லை. யாரோ இருமினார்கள். இந்தக் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் அது என்ன இடம் என்று தெரியும். அன்று எல்லோருடைய சமையலறையிலும் நான் பேசியிருந்தேன். என் காது எரிந்தது.

ஜனவரி 4. ஒரு குழந்தை சிணுங்கியது. நான் நிமிர்ந்து திரையைப் பார்த்தேன். நீவீ நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், மூக்கு நுனி நடுங்க. அந்த நடுக்கம் எனக்குத் தெரியும். எதிரெதிரே நின்று முழங்கையைப் பிடித்துக்கொண்டு எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். நான் கன்னத்தின் உள்பக்கத்தைக் கடித்துக்கொண்டேன்.

ஜனவரி 11. அவள் சிரித்துவிட்டாள். அந்தப் பெரிய ஊரில், அத்தனை கறுப்பு உடைக்கு நடுவில், அடக்க முடியாமல், கையால் வாயைப் பொத்திக்கொண்டு. அவள் தோற்றாள்.

ஜனவரி 18. இரண்டு வாத்தியம் கீழே வந்தன. மூன்றாவது தன்னந்தனியாக, மிக மேலே, அறுந்துவிடும் போன்ற ஒரு மெல்லிய சுரம். பதினொன்று. சுவரோரம் நின்ற ஆண்கள் ஒருவர் பின் ஒருவராகப் புருவத்தை உயர்த்தினார்கள். ஜேபிட்டி கண்ணை மூடியிருந்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறேன். அடுத்த வாரச் சுரம் வந்த பிறகுதான் விட்டான்.

முடிந்ததும் என்னிடம் வந்தான். "எல்லாத்தையும் விட நீ அளக்காம விட்டதுதான் நல்லா இருந்துச்சு அண்ணே" என்றான். "அதுக்காக மறுபடி அளக்காம விட்டுடாத."

மே 24, வெள்ளி

164. 153. 71.

பருவத்தின் கடைசி அளவு. ஜேபிட்டி இரண்டாவது கொடியில் வண்டியை நிறுத்திவிட்டு, காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். "நான் இங்கயே இருக்கேன்" என்றான். ஏன் என்று கேட்கவில்லை. ஈட்டியை வாங்கிக்கொண்டு போனேன். மூன்று அடிக்கு ஒரு குத்து. வாத்துப் பாட்டில் என் பாதி மட்டும். துளையை நானே போட்டேன், நாடாவை நானே விட்டேன், எண்ணை இரண்டு தடவை பார்த்தேன். திரும்புவதற்கு முன் முனைப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றேன்.

புத்தகத்தை நாளை திருப்பிக் கொடுக்க வேண்டும். கிழிக்கலாம் என்று இந்தப் பக்கங்களைப் பிடித்துப் பார்த்தேன். ஈரத்தில் ஊறாத தாள், சுலபமாகக் கிழியவும் இல்லை. அப்படியே கொடுத்துவிடப் போகிறேன்.

இரவு மணி பன்னிரண்டு. சூரியன் சன்னலில் இருக்கிறது. டார்ச் எங்கே வைத்தேன் என்று ஞாபகமில்லை.